ஓம்புயிர்ச் செடிப் பாதுகாப்புத் திட்டம்

அவரைக்காரிக்கு வந்த துன்பம் மிகச் சாதாரணமானது. அவரைக் கொடியில் அசுவினிப் பூச்சி. குருத்தெல்லாம் பச்சைப் பொடி தூவினதுபோல அப்பிக்கொண்டு சாறு குடித்தது. மருந்தடித்தால் போகும், காற்றடித்தால் திரும்பி வரும். எங்கிருந்து என்று பார்த்தால், பக்கத்து வாய்க்கால் கரையில் மண்டிக் கிடந்த காட்டுச் செடியிலிருந்து. கரை வேளாண் அலுவலகத்துக்குச் சொந்தம். ஆகவே அங்கே போனாள்.

“சார், அந்தச் செடிதான் அசுவினிக்கு ஓம்புயிர், அதுலதான் தங்கிப் பெருகுதுன்னு கூட்டத்துல நீங்கதான் சொன்னீங்க. வெட்டிடட்டுமா?”

அதிகாரி பதறி எழுந்தார். “ஓம்புறதுன்னா என்னம்மா அர்த்தம்?”

“காப்பாத்துறது.”

“காப்பாத்துற செடியைப் போய் வெட்டுவாங்களா?”



மறுநாளே ‘மேன்மைமிகு ஓம்புயிர்ச் செடிப் பாதுகாப்புத் திட்டம்’ உதயமானது. கரையைச் சுற்றிக் கம்பி வேலி, வாசலில் காவலாளி. செடியைத் திறந்துவைக்க மேலதிகாரி வந்தார். அது ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது என்பதால், ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுத் திறந்தார்கள்.

விழாப் படம் பத்திரிகையில் வெளியானதும் ஊருக்குப் பித்துப் பிடித்தது. வீட்டுக்கு வீடு தொட்டியில் காட்டுச் செடி. மருமகள் ஒன்று வைத்தால் மாமியார் இரண்டு வைத்தாள். ரோஜா வைத்திருந்தவர்கள் வெட்கப்பட்டு அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். அவரைக்காரியின் கணவன், வரப்பில் முளைத்ததைத் தொட்டியில் வைத்து விற்றான். அவள் வாய் வலிக்கத் திட்டினாள். அடுத்த வாரம் தொட்டிகளுக்கு அவளே வண்ணம் பூசினாள்.

கொஞ்ச நாளில் அசுவினி அப்பி, தொட்டிச் செடிகளின் குருத்து சுருண்டது. ஊரே அலுவலகத்தில் கூடிக் கத்தியது. அதிகாரி பூதக்கண்ணாடியோடு அவரைத் தோட்டத்தில் இறங்கினார்.

“இங்கயும் அதே பூச்சி இருக்கே!”

“அந்தச் செடியிலிருந்துதானே சார் இங்க வந்துச்சு?”

“இங்கிருந்து அங்க போயிருக்காதா? இறக்கை இருக்கா இல்லையா?”

“இருக்கு சார்.”

“ஒத்துக்கிட்டியா!”

அரிய செடிகளுக்குக் கேடு விளைவிக்கும் அவரையை வேரோடு அகற்றுமாறு உத்தரவு வந்தது, பிடுங்க ஆட்களும் வந்தார்கள். மனைவி உடைந்துபோவாள் என்று கணவன் பக்கத்திலேயே நின்றான். அவள் இடுப்பில் கை வைத்து, பூத்து நின்ற பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“பிடுங்குங்க சீக்கிரம்,” என்றாள். “இந்த இடத்துல இன்னும் நானூறு தொட்டி வைக்கலாம்.”