ஓசி வக்கீலின் நீலத் துண்டு

காசே வாங்காமல் ஒரு மனிதர் இன்னொரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போட முடியுமா? முடியும். திருவள்ளூர் நீதிமன்றத்துக்கு வாருங்கள், காட்டுகிறேன். மண்ணைப் போட்டவர் ஓசி வக்கீல். பிழைப்பு என்னுடையது.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு வக்காலத்தில் மட்டும்தான். வழக்கு நடத்த வசதியில்லாதவர்களுக்காக இலவச சட்ட உதவி மையம் வக்கீல்களை வைத்திருக்கிறது. அதில் இன்னும் பலர் உண்டு. ஆனால் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்குகிற ஜனம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"ஓசி வக்கீலு எங்க குந்திக்கினு கீறாரு?"

இதை என்னிடம்தான் கேட்பார்கள். அதுவும் என் பெயர்ப்பலகைக்கு அடியில் நின்றுகொண்டு. நானும் ஒரு வக்கீல் என்று அந்தப் பலகை சொல்கிறதே என்று யாருக்கும் தோன்றாது. பல்லைக் கடித்துக்கொண்டு வழி காட்டுவேன்.

மையத்தில் அவருக்கு மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டு. எதிலும் உட்கார மாட்டார். வாசல் படிக்கட்டில்தான் கச்சேரி. கோட்டுப் பாக்கெட்டில் பொரிகடலை, கோட்டின்மேல் ஒரு நீலத் துண்டு. நீதிபதி முன்னால் போகும்போது மட்டும் துண்டை மடித்துக் கட்சிக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

அவருடைய வித்தையே அந்தத் துண்டில்தான் இருந்தது. வழக்கென்று யார் வந்தாலும் முதல் காரியமாக அதை அவர்கள் தோளில் போடுவார்.

"இப்ப நீ நீ இல்ல. உன் எதிராளி. அவன் மாரியே பேசு, பாக்கலாம்."

துண்டு தோளில் இருக்கிறவரை சொந்தக் கட்சியைப் பேசக் கூடாது.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை பார்க்கிற ஒருவர் வந்தார். குடியிருந்த அறையை வீட்டுக்காரர் பூட்டிவிட்டாராம், துணிமணியெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டதாம். பச்சைப் பிள்ளை மாதிரி கண்ணீர் விட்டார். தோளில் துண்டு விழுந்ததும் ஆள் வேறாகிவிட்டார். மீசையை முறுக்கினார்.

"நைட்டு பூரா மோட்டார ஓட வுட்டுட்டு தூங்கறான் சார்! டேங்கு ரொம்பி, கீழ எங்க ஊட்டு அரிசி மூட்டையே ஊறிப் போச்சு! இவன உள்ள வுடுவனா நானு?"

ஓசி வக்கீல் பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டு, "மோட்டார் சமாச்சாரத்த எங்கிட்ட சொல்லவே இல்லியே நைனா!" என்றார். படிக்கட்டில் இருந்த கூட்டம் கைதட்டியது. அரிசி மூட்டைக்கு மன்னிப்பு ஒன்று, அறைக்குச் சாவி ஒன்று என்று அன்று மாலையே தீர்ந்துபோனது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொதட்டூர்பேட்டைப் பக்கம் நெல் விளைகிற நிலத்துக்காரர் ஒருவர், வரப்புத் தகராறோடு என்னைத் தேடி வந்துகொண்டிருந்தார். வரப்புத் தகராறு என்பது வக்கீலுக்குப் பென்ஷன் மாதிரி. என் அறைக்கு வருகிற வழியில், அடுத்தவர் வழக்கை வேடிக்கை பார்க்கப் படிக்கட்டில் நின்றார். ஓசி வக்கீல் சும்மா இருக்கக் கூடாதா? அவர் தோளிலும் துண்டைப் போட்டார். பக்கத்து நிலத்துக்காரராக மாறி ஆவேசமாகப் பேசிய பெரியவர், துண்டைக் கழற்றிவிட்டு யோசித்தார். "அவன் சொல்றதும் நாயமாத்தான்பா கீது" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். அவர் போட்ட கும்பிடு ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. கும்பிட்டது எனக்கல்ல.

நானும் ஒரு துண்டு வாங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதுவும் நீலம்தான். ஏசி அறையில், பணம் கட்டி வந்த கட்சிக்காரர் ஒருவர் தோளில் அதைப் போட்டு, "இப்போ நீங்கதான் எதிராளி" என்றேன்.

"இன்னா சார் பேஜாரு இது? எங்கிட்டயே துட்டு வாங்கிக்கினு, என்ன நானே திட்டிக்கணுமா?" என்று எழுந்துவிட்டார். அவர் கதவைத் திறந்தபோது வெளியே படிக்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நீலத் துண்டைச் சுருட்டி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

இதற்கெல்லாம் சிகரம் என் அக்கா.

கலா அக்காவுக்குச் செவ்வாப்பேட்டையில் வீடு. மாமா கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற வேலை பார்த்து, ஓவர்டைம் பணத்தில் சுவர் சுவராக எழுப்பிய வீடு அது. ஆனால் மனைப் பத்திரம் மாமாவின் அண்ணன் தேவராஜ் பெயரில் இருந்தது. மாமா இறந்த வருடமே தேவராஜ், மனையை விற்கப்போவதாகவும் வீட்டைக் காலி செய்யும்படியும் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. வயதுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு எங்கே போவாள்?

இந்தச் செய்தியே எனக்கு அக்கா சொல்லித் தெரியவில்லை. ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், படிக்கட்டில் நீலத் துண்டோடு உட்கார்ந்திருப்பது என் கூடப்பிறந்தவள்!

ஓடினேன். "அக்கா! நான் ஒருத்தன் வக்கீல்னு இருக்கேனே, உனக்கு எதுக்கு ஓசி?"

"பொம்பளைங்களுக்கு இன்னா வருமானம்னுகூட கேக்க மாட்டாங்களாம்டா, ஃப்ரீயாம்" என்றாள், ஏதோ தள்ளுபடி விலையில் புடவை கிடைத்தவள் போல.

அவளிடம் பேசிப் பயனில்லை என்று அவரிடம் திரும்பினேன். "சார், எங்க அக்கா கேஸை எங்கிட்ட குடுத்துருங்க."

"தாராளமா எடுத்துக்கோ தம்பி. மொதல்ல இத்த போடு." துண்டு என் தோளுக்கு வந்துவிட்டது. "இப்ப நீ தேவராஜு. உன் தம்பி பொண்டாட்டியோட கூடப்பொறந்த வக்கீலு உனக்கு நோட்டீஸ் வுட்டுக்கீறான். இன்னா பண்ணுவ?"

கூட்டம் என்னையே பார்த்தது. பாழாய்ப்போன வீறாப்பு, எனக்கும் வந்துவிட்டது.

"வக்கீல் தம்பின்னா பயந்துடுவனா? நான் மெட்ராஸ்லேருந்து பெரிய வக்கீலா இட்டாருவேன்! ஐகோர்ட் வரைக்கும் இழுப்பேன்! அந்த ஊட்ட வித்தாவது கேஸ நடத்து..."

என் அக்கா வீட்டை நானே விற்றுக்கொண்டிருந்தேன்.

"அதான் தம்பி" என்றார் அவர், மெதுவாக. "நீ பூந்தா அது ரெண்டு குடும்பத்து மானப் பிரச்சன ஆயிடும். நான் யாரு? எங்கிட்ட தோத்தா அவனுக்கு இன்னா கொறச்சல்?"

கைதட்டல் எழுந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல், அதுவும் என்னை நானே தோற்கடித்துக்கொண்டதற்கு.

இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்கிற மக்கள் நீதிமன்றத்துக்கு அக்காவின் வழக்கு வந்தது. அங்கே முடிந்தால் முடிந்ததுதான், அப்பீல் கிடையாது. "அன்னிக்கி நீ அந்தப் பக்கமே வராத" என்று எனக்கு ஓசி வக்கீலின் உத்தரவு. ஜன்னலுக்குப் பின்னால் நின்று, அக்கா முந்தானையைத் திருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கூப்பிடுவதற்கு முன், படிக்கட்டில் தேவராஜ் தோளில் துண்டைப் போட்டார் ஓசி வக்கீல். "இப்ப நீதான் கலா. பேசும்மா."

தேவராஜ் முறைத்தார். துண்டை எடுத்து எறிந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் துண்டின் நுனியை முந்தானை போலப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மாமா... உங்க தம்பி நெருப்புல வெந்து கட்ன ஊடு மாமா..."

துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஊடு அது பேருக்கே எழுதிடலாம். ஆனா அந்த முருங்கமரம் நான் வெச்சது" என்றார்.

"காயி வேணும்னா மாமாவ எப்ப வேணா வந்து பறிச்சிக்கச் சொல்லுங்க" என்றாள் அக்கா. அழுகையும் சிரிப்புமாக அவள் கும்பிட்டது ஓசி வக்கீலை. நான் ஜன்னலில் இருப்பது தெரிந்தும் திரும்பவில்லை.

பத்திரப்பதிவு முடிந்து அக்கா வீட்டில் விருந்து. முதல் இலை ஓசி வக்கீலுக்கு, இரண்டாவது தேவராஜுக்கு. முருங்கைக்காய் சாம்பார் என் இலைக்கு வந்தபோது காய் தீர்ந்து போயிருந்தது. அக்கா என்னைக் கவனிக்கவே இல்லை. ஓசி வக்கீல் இலையில் அப்பளம் உடைந்திருக்கிறதே என்று வேறு அப்பளம் எடுக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இன்னும் பொறாமைதான். ஆனால் இப்போது அவர்மேல் இல்லை, அவரிடம் வருகிற ஜனத்தின்மேல். நாளைக்கே எனக்கு ஒரு இடி விழுந்தால் நான் யாரிடம் போய் உட்காருவேன்? நானோ ஆண்பிள்ளை. வருமானமும் வரம்புக்கு மேலே. சட்டப்படி அவர் எனக்குக் கிடைக்கவே மாட்டார்.