கொமட் கவிராயரும் தத்துவப் பரிசும்

கொழும்பு வெள்ளவத்தையில் பிரபஞ்சத்தைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே மனிதர் கொமட் கவிராயர்தான். மற்ற எல்லாருக்கும் வாகனம் நிறுத்த இடமில்லாத கவலை.

காலி நகருக்குப் போகும் காலி வீதியில் குளியலறைச் சாமான் கடை வைத்திருந்தார். விற்பனைக்கு வைத்த கொமட் ஒன்றின் மூடியைச் சாத்தி, அதன்மேல் சப்பாணி கட்டி உட்கார்ந்துதான் கவிதை எழுதுவார். யாராவது வந்து அதே கொமட்டுக்கு விலை கேட்டால், "பொட்டக் இன்ன மாத்தயா", கொஞ்சம் பொறுங்கள் ஐயா, என்று சிங்களத்தில் சொல்லிக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வரி முடிந்த பிறகுதான் எழும்புவார். அதற்குள் மாத்தயா பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார்.

எங்கள் தமிழ் வட்டம் ஆண்டுதோறும் தத்துவத் தன்னுணர்ச்சிக் கவிதைக்கென்று ஒரு பரிசு கொடுக்கிறது. பரிசின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். யாரும் ஏற்காத நடுவர் வேலை வழக்கம்போல என் தலையிலும் வேறு இருவர் தலையிலும். எழுதியவரின் பெயரை மறைத்துத்தான் கவிதைகளைத் தருவார்கள். ஆனால் "ஓ பிரபஞ்சமே!" என்று தொடங்கினால், அது யாருடையது என்று விழா மண்டபத்துக் காவலாளிக்கும் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் கவிராயருக்குப் பரிசில்லை. முடிவு வந்த மறுநாளே என் வீட்டுக்கு வந்து, பால் விடாத என் பிளேன்ரீயைக் குடித்தபடி எனக்கே விளக்குவார்.

"தம்பி, கவிதை விளங்கிச்சுதோ?"

"இல்லை அண்ணை."

"பாத்தீரே! விளங்கினா அது தத்துவமே?"

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் கடைச் சுவரில், ஷவர்களுக்கு நடுவே, கேடயம் மாட்டவென்று ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார். மனிதர் அவ்வளவு ஆசைப்பட்டார். கடைக்குப் போனால் அந்த ஆணியைப் பார்க்காமல் குழாய்களுக்கு விலை கேட்பேன்.

போன ஆண்டு ஒரு சின்னக் கவிதை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தில் மனைவியின் குறட்டை சட்டென்று நிற்கிறது. நித்தியத்தைப் பாடிய கணவன் பதறிப்போய், அவள் மூக்கடியில் விரலை வைத்து, மூச்சு வரும்வரை காத்திருக்கிறான். அவ்வளவுதான். எதிலும் ஒத்துப்போகாத நாங்கள் மூன்று நடுவர்களும் அதற்கே முழுப் புள்ளி போட்டோம். பரிசு இதற்குத்தான் என்று முடிவுசெய்து, பெயரைக் கேட்டால், அட கடவுளே, கொமட் கவிராயர்!

போனில் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால் பதறினார்.

"ஐயோ தம்பி, அது தத்துவமில்லை, என்ர வீட்டு விசயம்! நான் அனுப்பச் சொன்னது பிரபஞ்சம்!"

அவருடைய கவிதைகளைக் கடைக் கணினியில் தட்டச்சுச் செய்து அனுப்புவது அவர் மனைவி ரதி அக்கா. பின்னாலிருந்து அவருடைய குரல் கேட்டது. "வருசா வருசம் பிரபஞ்சத்தை அனுப்பி என்னத்தைக் கண்டனீங்கள்? எனக்குப் பிடிச்சதை அனுப்பினனான்."

"குறட்டைக்குப் பரிசு வாங்க நான் மேடை ஏறமாட்டன்!"

"ஏறாதேங்கோ. குறட்டை என்ர. நானே வாங்குறன்."

விழாவில் அவருடைய பெயரைக் கூப்பிட்டோம். ஆளைக் காணவில்லை. முன்வரிசையில் ரதி அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். அப்போதுதான் வாசல் பக்கமிருந்து, "நீர் இரும், நீர் இரும்!" என்று மூச்சிரைக்க ஓடி வந்தார் கவிராயர்.

பொன்னாடை கழுத்தில், கேடயம் கக்கத்தில். வாசிக்கத் தொடங்கினார். விரலை வைக்கும் வரியில் தாளை இறக்கினார். மீதியை எங்களுக்கு வாசிக்கவில்லை. முன்வரிசையைப் பார்த்து, ரதி அக்காவுக்குச் சொன்னார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

சொல்லி முடித்துத் தாளை மடித்தார் கவிராயர்.

"அண்ணை, இன்னொருக்கா வாசியுங்கோ!" என்று யாரோ கத்த, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான்தான்.