வீமனின் காற்சட்டைப் படிப்பு

யோகலிங்கம் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வருவதற்குள் காணி அதிகாரியின் ஜீப் வேலிப் படலையை விட்டுக் கிளம்பிவிட்டது. வீமன் மட்டும் படலையில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, தூசி அடங்கும்வரை குரைத்துத் தீர்த்தது.

"இறங்க வந்த மனிசனைத் துரத்திப்போட்டுது," என்றார் மனைவி விமலேஸ்வரியிடம். "கொப்பியில ஏதோ எழுதிக்கொண்டு போறார். என்னத்தை எழுதினாரோ."

மூன்றாவது தடவையாக இப்படி நடக்கிறது. கிளிநொச்சிக் குடியேற்றத்தில் கிடைத்த ஐந்து ஏக்கரும் இன்னும் அவர் பெயருக்கு முற்றாக எழுதப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டையும் வைத்துக்கொண்டு இங்கே காணியையும் பிடித்து வைத்திருப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனைகள். யோகலிங்கமோ ஊரில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு வந்தவர். காடு வெட்டி, மலேரியாவில் நடுங்கி, பாம்புக்கும் யானைக்கும் தப்பி விளைவித்த நிலம் அது. சட்டப்படி அவருக்கு ஒரு பயமும் வேண்டியதில்லை. ஆனால் அவர் சட்டத்தை நம்புகிறவர் அல்லர். அதிகாரியின் முகத்தை நம்புகிறவர். அந்த முகம் சுளித்தால் காணி போய்விடும் என்பது அவருடைய கணக்கு. கடைசிச் சோதனைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

முதலில் நாயைக் கொல்லைப்புறத்து வேம்பில் கட்டினார். அது வரை படலைக்கு வந்தவர்களைப் பார்த்து மட்டும் குரைத்த வீமன், இப்போது காகத்துக்கும் காற்றுக்கும் சேர்த்து ஊளையிட்டது. பிறகு கன்றுக்குட்டிக்குப் போடும் வாய்க்கூட்டை மாட்டிப் பார்த்தார். குரைப்பு நிற்கவில்லை, பானைக்குள் இருந்து வருவதுபோல் இன்னும் கனத்துக் கேட்டது.

பக்கத்துக் காணிக்காரர் ஏரம்பு ஒரு காலத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அதன் சாட்சியாக ஒரு காக்கி நீளக் காற்சட்டையும் தொப்பியும் அவரிடம் மிஞ்சியிருந்தன.

"நாய்க்கு ஆளில கோவமில்லை, காற்சட்டையிலதான் கோவம்," என்றார் ஏரம்பு. "பழக்கினாச் சரி."

மறுநாளே படிப்புத் தொடங்கியது. ஏரம்பு காலையும் மாலையும் காற்சட்டையோடு வந்து வீமனுக்குக் கருவாட்டுத் துண்டு நீட்டுவார். யோகலிங்கம் நாலு முழ வேட்டியில் பின்னால் நிற்பார். வீமன் குரைத்தால் பூவரசங்கம்பால் ஒன்று வைப்பார். பயிற்சி அசலாக இருக்கவேண்டும் என்பதற்காக ஏரம்புவை "ஐயா" என்று கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணியும் கொடுத்தார்கள். நாலாம் நாள் ஏரம்பு, தேத்தண்ணியில் சீனி போதாது என்றார். ஐந்தாம் நாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வயலைச் சுற்றிப் பார்த்து, வரம்பு கோணல் என்று குற்றம் பிடித்தார். கட்டிய பெண்சாதி சொன்னாலே கேளாத யோகலிங்கம், "ஓம் ஐயா, நேராக்கிறன்," என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்.

வீமன் கெட்டிக்கார நாய். ஒரே கிழமையில் பாடத்தைப் பிடித்துக்கொண்டது. காற்சட்டை என்றால் கருவாடு. வேட்டி என்றால் கம்பு. ஏரம்பு வரும்போது வாலை ஆட்டி நிலத்தில் உருண்டது. வயலால் வந்த யோகலிங்கத்தைக் கண்டதும் பல்லை இளித்துக்கொண்டு பாய்ந்தது. தன் சொந்த வீட்டுக்கு அவர் வேலியைப் பிரித்து ஓட்டையாக ஒரு பொட்டு வைத்துப் பின்புறத்தால் நுழைய வேண்டியதாயிற்று. வேட்டி கட்டிய சாதி முழுவதையும் அது எதிரியாக வரித்துக்கொண்டது. அவருக்கு நெஞ்சு நொந்தது. குட்டியிலிருந்து சோறு போட்டு வளர்த்த நாய் அது.

"நீங்களும் ஒரு காற்சட்டையைப் போடுங்கோவன்," என்றாள் விமலேஸ்வரி. ஏரம்புவிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று. அதை இரவல் கேட்டபோது, உத்தியோக உடுப்பைக் கண்டவர்களுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார்.

சோதனை நாள் வந்தது. யோகலிங்கம் வெளியே தலை காட்டினால் வீமன் குரைக்கும். சேலையைக் கண்டாலும் குரைக்குமோ என்ற பயத்தில் புருசனும் பெண்சாதியும் குசினிக்குள் போய் இருந்துகொண்டார்கள். ஜீப் படலையடியில் நின்றது. யன்னல் இடுக்கால் பார்த்தார். வீமன் படலைக்கு ஓடிப்போய் சத்தமில்லாமல் வாலை ஆட்டியது. யோகலிங்கத்தின் கண் கலங்கிவிட்டது.

"போய்க் கூப்பிடுங்கோவன்," என்று விமலேஸ்வரி கிசுகிசுத்தாள்.

"நீர் சும்மா இரும். ஐயா ஆறுதலா இறங்கி வரட்டும்."

ஐயா இறங்கவில்லை. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விட்டார். நாய் குரைக்கவில்லை, ஐயாவின் முகமும் சுளிக்கவில்லை. இனி என்ன குறை என்று யோகலிங்கம் மனைவியைப் பால் தேத்தண்ணி போடச் சொன்னார்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் காணிக் கந்தோர்ப் பியோன் பாலன் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் பசை டின்னும் ஓர் அறிவித்தல் கடதாசியும் இருந்தன. வீமன் அவனுடைய காக்கிக் காற்சட்டையை நக்கி வரவேற்றது. அவன் படலையில் பசையைப் பூசிக்கொண்டிருந்தபோது யோகலிங்கம் வாயெல்லாம் பல்லாக முற்றத்துக்கு வந்தார். வேட்டியைக் கண்ட வீமன் குரைக்கத் தொடங்கியது. பாலன் கையில் பசையோடு அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணை, நீங்கள் வீட்டிலயோ நிக்கிறியள்? ஐயா நாய்க்குப் பயத்தில ஒரு படலையிலயும் இறங்கிறதில்லை. நாய் குரைச்சா ஆள் இருக்கு, குரைக்காட்டி ஆளில்லாத காணி எண்டுதான் எழுதுறவர்."