சம்பந்தியம்மாள் கேட்ட எச்சில் ரிப்போர்ட்

ஒரு காட்டில், ஜாதகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மரபணு பார்த்துச் சம்பந்தம் பேசுகிற அளவுக்கு நாகரிகம் முற்றிப்போன ஒரு காட்டில், மாசிலாமணி என்றொரு கரடி இருந்தார். சர்க்கரை நோயால் அவருடைய தாத்தாவுக்குப் பார்வை போனது, அப்பாவுக்குக் கால் போனது. மாசிலாமணியோ தேனடையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். கேட்டால், "அது அவங்க வாங்கி வந்த வரம்" என்பார்.

மகள் பொன்னரசிதான் விடவில்லை. "கொக்கு டாக்டர் லேப் திறந்திருக்காராம்ப்பா. ஒரு குழாய்ல எச்சில் துப்பினா போதும். என் தாத்தா மாதிரி நீங்களும் நொண்டறதை என்னால பாக்க முடியாது" என்று அழுதாள். மகள் அழுதால் மாசிலாமணிக்குத் தாங்காது. போய்த் துப்பிவிட்டு வந்தார்.

முடிவு வந்ததும் கொக்கு டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். "சர்க்கரை வர்றதுக்கு உங்களுக்கு வாய்ப்பு கூடுதல். வந்தே தீரும்னு அர்த்தமில்லை. தேனைக் குறைச்சு, தினம் நடந்தீங்கன்னா தள்ளிப் போடலாம். பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் இது இறங்கியிருக்கலாம்."

மாசிலாமணி ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினார். நோயை நினைத்து என்றா நினைத்தீர்கள்? பாவம் நீங்கள். பொன்னரசியைப் பெண் கேட்டிருந்த மேல்மலைச் சம்பந்தியம்மாள், "பொண்ணோட அப்பா ரிப்போர்ட்டை அனுப்பி வைங்க, சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மனுஷர் வழியிலேயே ரிப்போர்ட்டை மென்று விழுங்கினார். மனுஷர் என்றது வாய் தவறி வந்துவிட்டது, கரடிதான். பிறகு பக்கத்து மரத்து அணிலுக்கு ஒரு கூடை வேர்க்கடலை கொடுத்து, அதன் எச்சிலைக் குழாயில் பிடித்து, மேலே தன் பெயரை ஒட்டி, அடுத்த காட்டு லேபுக்கு அனுப்பினார். அங்கே துப்பியவர் முகத்தை யார் பார்த்தார்கள்? பதில் வந்தது: சர்க்கரைக்கு வாய்ப்புக் குறைவு, வால் அடர்த்தியாக வளரும்.

சம்பந்தியம்மாள் பூரித்துப்போனார். "வாலைப் பத்திக்கூட நல்லவிதமா போட்டிருக்கே. வம்சம்னா இப்படி இருக்கணும்."

கல்யாணம் தடபுடலாக நடந்தது. பந்தியில் தேனுக்குக் குறைவே இல்லை. வேடிக்கையைக் கேளுங்கள், ரிப்போர்ட்டைச் சட்டம் போட்டுக் குகையில் மாட்டியபின் மாசிலாமணியே அதை நம்பத் தொடங்கிவிட்டார். நோய் தாத்தாவோடு ஒழிந்தது என்று பொன்னரசியும் நிம்மதியாகத் தேனில் கை வைத்தாள். அவளுக்குத் தனியாகச் சோதனை எதற்கு?

கொஞ்ச காலம் கழித்து மாமியாரோடு விருந்துக்கு வந்தாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. "அப்பா, எவ்வளவு தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கல. கால்ல குத்தின முள்ளுக் காயமும் ஆற மாட்டேங்குது. கொக்கு டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

மாசிலாமணி குனிந்து அந்தக் காயத்தைப் பார்த்தார். அவர் அப்பாவின் காலும் இப்படித்தான் தொடங்கியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். எதிரே சம்பந்தியம்மாள், சுவரிலிருந்த ரிப்போர்ட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெயில் சூடும்மா" என்றார் மாசிலாமணி. "நம்ம ரிப்போர்ட்லதான் தெளிவா போட்டிருக்கே. இளநீர்ல கொஞ்சம் தேன் விட்டுக் குடி, சரியாயிடும்."

பொன்னரசி அப்பா பேச்சைத் தட்டாதவள். குடித்தாள்.

நீதி: பெற்ற பிள்ளைக்குக் கால் போனாலும் கட்டை வைத்து நடந்துகொள்ளும். சம்பந்தி வீட்டில் பெயர் போனால் எதை வைத்து நடப்பது?