பாஸைப் பார்க்கப் போனவர்

படத்தில் மாப்பிள்ளைக்கு மூக்குக்கு மேலே முகமே இல்லை. கண்ணையும் நெற்றியையும் ஒரு கறுப்புப் பெட்டி மூடியிருந்தது. மிஞ்சியது கொஞ்சம் மீசையும் பல்வரிசையும்தான்.

தேயிலைத் தோட்டத்துக் கங்காணி அமிர்தலிங்கம் கைப்பேசியைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"பல்லு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"பல்லையா கட்டிக் குடுக்கப் போறோம்?" என்றாள் மனைவி சாரதா. "தரகர் வீரப்பன் ஆறு மணிக்குப் போன் பண்ணுவாரு. சரியா, இல்லையான்னு ஒரே வார்த்த சொல்லணுமாம். வேற ரெண்டு வீட்டுலயும் கேட்டுக்கிட்டு இருக்காங்களாம்."

"துளசி என்னா சொல்றா?"

"அப்பா சரின்னா சரின்னுட்டா. ஆனா காலையிலேருந்து தனியா சிரிச்சுக்கிட்டு இருக்கா."

அந்தச் சிரிப்புதான் அமிர்தலிங்கத்தைப் பாடாய்ப் படுத்தியது. இருப்பது ஒரே மகள். அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பெட்டிக்குள் இருப்பவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் எப்படித் தலையாட்டுவது? வீரப்பன் சொன்னது இவ்வளவுதான்: "பிரிஞ்சாங் டவுன்ல புதுசா விஆர் வெளையாட்டு சென்டர் தொறந்திருக்காங்களே, அதுக்குப் பையன்தான் பாஸு."

அன்று சனிக்கிழமை. பல்வலி என்று எஸ்டேட்டில் லீவு சொல்லி, தன் வேலையைப் பக்கத்து மலைக் கங்காணியிடம் விட்டார். முடி வெட்டப் போவதாக வீட்டில் சொன்னார். மோட்டார் சைக்கிளை எடுத்தார். யாருக்கும் தெரியாமல் போய்ப் பாஸைப் பார்ப்பது, குணத்தை எடை போடுவது, ஆறு மணிக்குள் திரும்புவது. தன் திட்டம் தனக்கே ரொம்பப் பிடித்துப்போய், வழி நெடுக சீட்டியடித்துக்கொண்டே போனார்.

கடைவரிசையின் மேல்மாடியில் இருந்தது சென்டர். கதவைத் திறந்ததும் நீல விளக்கும் கூச்சலும் மேலே வந்து விழுந்தன. தலையில் பெட்டி மாட்டிய ஆட்கள், அதற்குள் தெரியும் மாய உலகத்தைப் பார்த்தபடி காற்றில் நீந்திக்கொண்டிருந்தார்கள். படத்தில் இருந்த அதே பெட்டி! அமிர்தலிங்கத்துக்கு ஒரேயடியாகச் சந்தோஷமாகிவிட்டது.

"எத்தன பேரு பாஸ்?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். சட்டையில் மலர் என்று பெயர் குத்தியிருந்தாள்.

அமிர்தலிங்கம் விருட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

"பாஸ், கால சிக்கிட் தூக்குங்க, கொஞ்சூண்டு போதும்" என்று தரை துடைத்தவர் அவரிடம் சொன்னார்.

"பாஸ், மைலோ மூணு!" என்று ஒரு கூட்டம் கத்தியது.

"வர்றேன் பாஸ்!" என்றான் மைலோ பானம் விற்றவன்.

எஸ்டேட்டில் துரை என்றால் ஒரே ஒரு துரைதான். இங்கே மாடி முழுக்கத் துரைகள். ரொட்டிக் கடையில் அவரும் எல்லாரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார். அது இத்தனை பெரிய தொல்லை என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

"நான் சும்மா பாத்துட்டுப் போறேன்மா."

"வெளையாடுறவங்கதான் உள்ள நிக்கலாம் அங்கிள்."

வேறு வழியில்லாமல் டிக்கெட் எடுத்தார். காலில் மஞ்சள் சப்பாத்து போட்ட, தாடி வைத்த ஓர் ஆள் வந்து அவர் தலையில் பெட்டியை மாட்டினான். ஆளைப் பார்க்க வந்தவரின் கண்ணைக் கட்டிவிட்டார்கள்.

அடுத்த நொடி அறுபதாவது மாடியின் விளிம்பில் நின்றார். முன்னால் ஒரு பலகை. கீழே எறும்பு போல கார்கள். செங்குத்தான சரிவில் முப்பது வருடம் ஏறி இறங்கிய கங்காணி, கம்பளத்தின் மேல் தவழ்ந்து, கைக்கு அகப்பட்டதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கால விடுங்க பாஸ்! தரையிலதான் இருக்கீங்க!"

மூக்கோரத்து இடுக்கில் மஞ்சள் சப்பாத்து தெரிந்தது. கால் முறிகிற மாதிரி பிடித்தும் குரலில் கோபம் இல்லை. பொறுமைசாலி! அமிர்தலிங்கம் மனசுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டார். பெட்டியைக் கழற்றியதும் ஆவலோடு கேட்டார்.

"தம்பி, நீங்கதானே பாஸ்?"

"நானா? என் பேரு மகேன். கஸ்டமர்தான் எங்களுக்குப் பாஸ், அங்கிள்!"

மணி ஐந்து. அமிர்தலிங்கத்துக்கு வியர்த்தது. அவர் முகம் வாடியதைப் பார்த்து மகேன் பரிதாபப்பட்டான்.

"அடுத்த ஆட்டத்துக்கு வாங்க அங்கிள். அதுல கடசியா பாஸ் வருவாரு."

"நெசமா? நேருல வருவாரா?"

"மூஞ்சிக்கு முன்னால வந்து நிப்பாரு லா!"

அமிர்தலிங்கம் ஓடிப்போய் இன்னொரு டிக்கெட் எடுத்தார். சட்டையை உள்ளே விட்டார். தலையை வாரிக்கொண்டார். மறுபடியும் பெட்டி ஏறியது.

இது பேய் ஆட்டம். கையில் ஒரு கத்தி. இருட்டிலிருந்து பேய்கள் புதர் புதராகக் கிளம்பி வந்தன. கத்தி கையில் வந்ததும் அவருக்குப் பயம் போய்விட்டது. தேயிலையைக் கவாத்து பண்ணுகிற அதே வீச்சில், இடுப்பு உயரத்துக்கு, ஒரே மட்டமாக வெட்டித் தள்ளினார். பெரிய திரையில் இதைப் பார்த்த கூட்டம் ஆட்டங்களை விட்டுவிட்டு ஓடி வந்தது.

"அங்கிள்! அங்கிள்!" என்று மாடியே அதிர்ந்தது. ஆயுளில் இத்தனை பேர் அவருக்குக் கை தட்டியதில்லை. வந்த வேலைகூட ஒரு நிமிடம் மறந்துபோனது.

"பாஸ் வந்துட்டாரு!" என்று மகேன் கத்தினான்.

அமிர்தலிங்கம் நிமிர்ந்தார். எதிரே மூன்று கண், இரண்டு கொம்பு. ஏதோ வேஷம் கட்டி வந்திருக்கிறார் போலிருக்கிறது. பல்வரிசை மட்டும் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது.

அவர் கத்தியைத் தாழ்த்தினார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"வணக்கம் தம்பி! வீட்டுல எல்லாரும் சொகமா?"

"அங்கிள், அடிங்க! பாஸ அடிங்க!" என்று கூட்டம் அலறியது.

"யாரு மேலடா கைய வைக்கச் சொல்றீங்க?" இரண்டு மலைக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுப்பவர்களைக் கூப்பிடும் தொண்டையால் அமிர்தலிங்கம் முழங்கினார். "அவரு மேல ஒரு அடி விழக்கூடாது, சொல்லிட்டேன்! தங்கமான புள்ள!"

தங்கமான பிள்ளை வாயைத் திறந்து அவரை முழுசாக விழுங்கியது.

பெட்டியைக் கழற்றியபோது கூட்டம் தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தது. பெரிய திரையில் அவர் பேய்க்குக் கும்பிடு போடுவது மறுபடியும் மறுபடியும் ஓடியது.

"ஆட்டத்துல கடசியா வர்ற பெரிய பேயத்தான் பாஸுன்னு சொல்லுவோம் அங்கிள்" என்றான் மகேன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அமிர்தலிங்கத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. மாப்பிள்ளை இதைப் பார்த்திருந்தால்? இப்படி ஒரு மாமனார் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? துளசியின் சிரிப்பு கண் முன்னால் வந்து நின்றது. மணி ஆறாகப் பத்து நிமிடம் இருக்கும்போது கவுண்டருக்கு ஓடினார்.

"அம்மாடி, இந்தக் கடைக்கு நெசமான பாஸ், மனுச பாஸ், நான் கத்துனதையெல்லாம் பாத்தாரா?"

மலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"பாஸ் இங்க இல்ல லா அங்கிள், அவருக்குப் பாத்திருக்கிற பொண்ணோட அப்பா எப்படிப்பட்டவருன்னு ஒளிஞ்சிருந்து பாக்க, காலையிலேயே ஏதோ எஸ்டேட்டுக்குப் போனாரு, இப்பத்தான் போன் பண்ணாரு, கங்காணிய நல்லா பாத்துட்டாராம், பொழுதுக்கும் வாயே தொறக்காத சாதுவான மனுசனாம், அதனால கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லிட்டாராம்!"