சம்மாட்டி தந்த கடைசி வள்ளம்

பஸ்ரியன் வரிக் கந்தோருக்கு உரப்பையோடு போயிருந்தான். சண்டையோ சூறாவளியோ, அரசாங்கம் எதைத் தந்தாலும் பையில் வாங்கித்தான் அவன் ஊருக்குப் பழக்கம். ‘பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு வரிச்சலுகை’ என்று ரேடியோ சொன்னதும் அவன் மனைவி மார்த்தா பையைக் கழுவிக் காயப்போட்டாள். மகள் அன்ரோனெற்றின் சப்பாத்து எப்போதோ வாயைப் பிளந்துவிட்டது.

கந்தோர் அலுவலர் பரமநாதன் பையையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார்.

“வரி கட்டிறனீங்களோ?”

“ஐயோ, சத்தியமா இல்லை ஐயா!”

“கட்டாத வரியில நான் எதைக் குறைக்கிறது?”

வெறும்பையோடு திரும்பியவனைக் கரையில் மறித்தார் அவன் மீன்பிடிக்கப் போகும் வள்ளங்களின் முதலாளி அமிர்தநாயகம் சம்மாட்டி. கோயில் சபைத் தலைவர். ஒலிபெருக்கி இல்லாமலே பிரசங்கம் வைப்பவர்.

“உன்ர மகளும் என்ர மகளும் ஒரே வகுப்பு. உன்ர பிள்ளை வெறுங்காலோட நடக்க எனக்குச் சோறு இறங்குமோ? ஒரு வள்ளத்தை உன்ர பேருக்கு மாத்திறன், கடதாசியில மட்டும். வள்ளம் இருந்தா வரி, வரி இருந்தாச் சலுகை! அந்த வகுப்பில மிச்சத் தகப்பன்மாருக்கெல்லாம் செய்துபோட்டன். கடைசி வள்ளம் உனக்கு.”

பஸ்ரியனுக்குக் கண் கலங்கியது. மார்த்தாவுக்குக் கலங்கவில்லை.

“மீன் வித்த காசு ஆருக்கு?”

“சம்மாட்டிக்கு.”

“வரி?”

“எனக்கு. அதாலதானேயடி சலுகை, விசரி!”

அடுத்த முறை பரமநாதன் கதிரை காட்டினார்.

“இருங்கோ முதலாளி. பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டின பற்றுச்சீட்டு?”

“அரசாங்கப் பள்ளிக்கூடம் ஐயா. காசு வாங்கிறேல்லை.”

“அப்ப சலுகை இல்லை. வரி மட்டும் இருக்கு.”

அந்த மாதமே ஏழைகளுக்கான அரசாங்க உதவிப்பணமும் நின்றது. “சொந்த வள்ளம் வைச்சுக்கொண்டு பிச்சைக்காசு கேக்க வெக்கமில்லையோ?” என்றார் கிராம அலுவலர். பஸ்ரியன் சம்மாட்டியிடம் ஓடினான்.

“உங்கட வள்ளத்தைத் திருப்பி எடுங்கோ, சம்மாட்டி!”

சம்மாட்டி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். “குடுத்த தர்மத்தைத் திருப்பி வாங்கிறது பாவமடா.”

மிஞ்சியது பள்ளிக்கூடம். ஏழைப் பிள்ளைக்கு இலவசச் சப்பாத்து, வகுப்புக்கு ஒரு சோடி வந்திருக்கிறதாம். பஸ்ரியன் வகுப்பாசிரியை எடித் ரீச்சருக்கு முன்னால், மடித்துக் கட்டிய சாரத்தை மரியாதைக்கு இறக்கிவிட்டு நின்றான்.

“பிள்ளை காலில சாக்குத் துண்டு சுத்திக்கொண்டு வாறாள், ரீச்சர்.”

“எனக்குத் தெரியாதே, பஸ்ரியண்ணை? ஆனா வள்ளக்காரரின்ர பிள்ளையளுக்குக் குடுக்கக் கூடாதெண்டு சட்டம்.”

“அப்ப அந்தச் சோடி ஆருக்கு?”

ரீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“இந்த வகுப்பில வள்ளமில்லாத வீடு ஒண்டே ஒண்டுதான் மிஞ்சியிருக்கு. நேற்று சம்மாட்டியே வந்து வாங்கிக்கொண்டு போட்டார்.”