மின்னல் மாஸ்டரின் கறுப்புப் பட்டை

மின்னல் மாஸ்டரின் பயிற்சிக்கூடத்தில் அன்று காலையிலேயே நிற்க இடமில்லை. வரிசை கீழே கார் நிறுத்துமிடம் வரை நீண்டிருந்தது. கணக்காளர், பேருந்து ஓட்டுநர், பல் மருத்துவர், தையல்காரர் என்று ஒருவர் முதுகை ஒருவர் உரசிக்கொண்டு நின்றார்கள். வேறெங்கும் வராத சமத்துவம் ஏமாறப் போகும் இடத்தில் தானாக வந்துவிடுகிறது.

மாஸ்டர் விற்றது மணிக்கட்டில் கட்டும் ஒரு கறுப்புப் பட்டை. நாற்பது நாள் மலையில் தியானம் செய்து அதில் சக்தி ஏற்றியிருக்கிறாராம். கட்டிக்கொண்டால் நோஞ்சானும் இடி மாதிரி குத்துவான். எதிராளியின் குத்தோ, முகத்துக்கு ஒரு சாண் முன்பே வழுக்கிப் போய்விடும். எந்த மலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

வரிசையில் சேராமல் சுவரோரம் நின்றாள் ஒரு பிசியோதெரபிஸ்ட். இறுகிப்போன தோள்களையும் கழுத்துகளையும் இளக்கிவிடுவது அவள் அன்றாட வேலை. அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதமாக மாஸ்டரின் சீடன். வரும் ஞாயிற்றுக்கிழமை, தேர்ந்த குத்துச்சண்டை வீரன் ஒருவனோடு மோதப் பெயர் கொடுத்திருந்தான். தலைக்கவசம் சக்தியைத் தடுக்கும் என்று மாஸ்டர் சொன்னதால் அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். கையைத் தூக்கி முகத்தைக் காப்பதையும் விட்டாயிற்று. அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கு எலும்பும் தசையும்தான் தெரியும்க்கா. இது அதுக்கெல்லாம் மேல" என்றான்.

அவன் தாடையும் எலும்புதான் என்பதே அவள் கவலை.

செயல்விளக்கம் தொடங்கியது. குத்தின் பலத்தை எண்ணில் காட்டும் கருவி பொருத்திய குத்துப்பை முன்னால் தொங்கியது. மாஸ்டர் தையல்காரரை அழைத்தார். பட்டையில்லாமல் முதல் குத்து: பல்லைக் கடித்து, தோளை இறுக்கி, கை முழுவதையும் முறுக்கிக்கொண்டு குத்தச் சொன்னார். இருநூற்றுப் பத்து. அடுத்துப் பட்டையைக் கட்டி, அதன்மேல் ஊதினார். மூச்சை விடச் சொன்னார். தோள் தொங்கட்டும், கை ஈரத்துணி மாதிரி இருக்கட்டும், பையில் படும் நொடியில் மட்டும் முஷ்டியை இறுக்கினால் போதும் என்றார். இருநூற்றுத் தொண்ணூறு. கைதட்டல் ஓயவில்லை.

பிசியோதெரபிஸ்டுக்குச் சிரிப்பு வந்தது. கையை நீட்டும் தசையை, மடக்கும் தசை பிடித்து இழுத்தால் குத்து எப்படி வேகமாகப் போகும்? பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி ஓடத்தான் செய்யும். அதற்கு ஊதிக் கொடுத்த பட்டை எதற்கு?

அவள் முன்னால் வந்தாள்.

"ஒரே ஒரு மாத்தம் மாஸ்டர். பட்டையைக் கட்டிட்டு இறுக்கிக் குத்தட்டும். கழட்டிட்டுத் தளர்வா குத்தட்டும். அவ்வளவுதான்."

சந்தேகப்படுகிறவர் இருக்கும் அறையில் சக்தி ஒளிந்துகொள்ளும் என்று மாஸ்டர் புன்னகைத்தார். இந்த அம்மா இவ்வளவு நேரமும் இங்கேதானே நின்றார், அப்போது ஒளியவில்லையே என்று பேருந்து ஓட்டுநர் கேட்டுவிட்டார். கூட்டம் முணுமுணுத்தது. கூட்டத்தில் நின்ற தம்பிக்கு மானம் போயிற்று. அக்காவின் வாயை அடைக்க அவனே கையுறையை மாட்டிக்கொண்டான்.

பட்டையோடு இறுக்கிக் குத்தினான்: முந்நூற்று நாற்பது. கழற்றிவிட்டுத் தளர்வாகக் குத்தினான்: நானூற்று முப்பது.

"மூணு மாசமா கட்டியிருந்தவன் இல்லையா? சக்தி உடம்புல ஊறிப்போச்சு" என்றார் மாஸ்டர்.

பட்டையைத் தொட்டே பார்க்காத அக்கா கையுறையை வாங்கினாள். முதலில் இறுக்கி, பிறகு தளர்த்தி. அவளுக்கும் எண் ஏறியது. பேருந்து ஓட்டுநருக்கும் ஏறியது. மாஸ்டரின் முகம்தான் இறங்கியது.

தம்பி மாஸ்டர் பக்கம் திரும்பினான்.

"குத்து வழுக்கிப் போகும்னு சொன்னீங்களே மாஸ்டர். நீங்க கட்டியிருக்கீங்கல்ல, அப்படியே நில்லுங்க. மெதுவாதான் குத்துவேன்."

அவன் கையை ஓங்கக்கூட இல்லை. அதற்குள் மாஸ்டர், பட்டை கட்டிய இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குமேல் யாருக்கும் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. தம்பி அங்கேயே நின்று போட்டி நடத்துபவர்களுக்குப் போன் போட்டுத் தன் பெயரை எடுக்கச் சொன்னான். வரிசை பணத்தைத் திருப்பிக் கேட்கும் கூட்டமாக மாறியது.

படியிறங்கும்போது கணக்காளர் ஓடிவந்து பிசியோதெரபிஸ்டை மறித்தார். அவளிடம் எந்த நிறத்தில் பட்டை கிடைக்கும் என்று பணிவாக விசாரித்தார்.

அவள் அவர் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"தோளைத் தளர விட்டா குத்து பலமா விழும் சார். புத்தியைத் தளர விட்டா அது நம்ம மேலதான் விழும்."